ஓடிபி சொல்லவே இல்லையே, பணம் எப்படிப் போச்சு? – ஐடி ஆளிடம் ஊர் கேட்கும் கேள்விகள்

கோவையில் சிறு, நடுத்தர கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர், சர்வர், நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பதினேழு வருடமாகிறது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலைக்காரர் போனை நீட்டி, "தம்பி, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்பார். திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்கள் என் அனுபவமும் அபிப்பிராயமும் கலந்தவை.

"நான் என்ன கோடீஸ்வரனா? என்கிட்ட எதைத் திருடப் போறான்?"

உங்களை மட்டும் தேடி யாரும் வருவதில்லை, அது உண்மைதான். ஆனால் ஆள் பார்த்து வலை வீச அவனுக்கு அவசியமும் இல்லை. ஒரே குறுஞ்செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான எண்களுக்கு அனுப்புவான். நாலு பேர் சிக்கினால் அன்றைய கூலி வந்துவிடும். "இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழைக்கவும்" என்ற செய்தி எங்கள் வீட்டு ஓனருக்கு வந்தது, எனக்கு வந்தது, சொந்தமாக மீட்டரே இல்லாத ஹாஸ்டல் பையனுக்கும் வந்தது.

கணக்கில் காசு இல்லாவிட்டாலும் உங்களிடம் விலைபோகும் சரக்கு இருக்கிறது. உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு, சிம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சந்தை உண்டு. அதில் வரும் வம்பைக் கீழே கணக்கு முடக்கம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் வச்சிருக்கேன், அதுவும் கஷ்டமான பாஸ்வேர்டு. போதாதா?"

போதாது. உங்கள் பாஸ்வேர்டை யாரும் யோசித்துக் கண்டுபிடிப்பதில்லை. நீங்கள் அதைக் கொடுத்து வைத்த ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கும் அதிகமான பாஸ்வேர்டுகள் வெளியேறின. மறைகுறியாக்கம் எதுவும் செய்யாமல் அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் சுமார் 2.9 லட்சம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது.

இப்படிக் கிடைக்கும் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் ஒரு நிரலிடம் கொடுத்தால் போதும், அது மற்ற தளங்களில் எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்க்கும். பழைய சமையல் குறிப்புத் தளம் ஒன்றில் வைத்த பாஸ்வேர்டு உங்கள் ஜிமெயிலைத் திறப்பது இப்படித்தான். அந்தப் பாஸ்வேர்டில் எத்தனை விநோத எழுத்து இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

"ஆபீஸ்ல மூணு மாசத்துக்கு ஒருதடவை மாத்தச் சொல்றாங்களே, அது நல்லதுதானே?"

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாற்றச் சொன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்று 2003-ல் அமெரிக்காவின் நிஸ்ட் அமைப்புக்காக வழிகாட்டி எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதியை எழுதியதற்காக வருந்துவதாக 2017-ல் சொன்னார். அதே வருடம் நிஸ்டும் தன் வழிகாட்டியைத் திருத்தியது: நீளமாக வையுங்கள், கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

நீளத்துக்கு என் வழி, ஒன்றோடொன்று ஒட்டாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடிப்பது. மோர், ரயில், பாட்டி, ஜன்னல் என்பது மாதிரி. (இதையே வைத்துவிடாதீர்கள்.) பாட்டு வரி, பழமொழி, குலதெய்வத்தின் பெயர் எல்லாம் வேண்டாம்.

"அத்தனை பாஸ்வேர்டை எப்படிங்க ஞாபகம் வச்சுக்கிறது?"

வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டகத்தில் போட்டு, ஒரு முதன்மைப் பாஸ்வேர்டால் பூட்டி வைக்கும் மென்பொருள் இருக்கிறது. பிட்வார்டன், கீபாஸ் மாதிரி அப்படி ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் போதும். "அதையே திருடிட்டா?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயம்தான். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளைத் திருடிப் போனார்கள். பெட்டகம் பூட்டியபடிதான் போனது. ஆனால் முதன்மைப் பாஸ்வேர்டை நோஞ்சானாக வைத்தவர்களுக்கு அன்றிலிருந்து தலைவலி. ஆகவே அந்த ஒன்றை மட்டும் நீளமாக வைத்து மனப்பாடம் செய்யுங்கள்.

என் அம்மாவுக்கு மேனேஜர் எல்லாம் சரிப்படவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறார். நான் ஆட்சேபிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாகத் திருடுகிறவனால் எங்கள் பீரோவைத் திறக்க முடியாது. ஆபீஸ் மானிட்டரில் மஞ்சள் சீட்டு ஒட்டுவது வேறு கதை, அங்கே டீ கொண்டுவரும் பையன் வரை எல்லோரும் படிக்கலாம்.

"நேரம் இல்லை, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, எதை முதல்ல சரிபண்ணணும்?"

மெயிலை. எந்தத் தளத்தில் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினாலும் மாற்றுவதற்கான லிங்க் உங்கள் மெயிலுக்குத்தான் வருகிறது. மெயில் அவன் கையில் இருந்தால் மற்ற எதையும் அவன் உடைக்கத் தேவையில்லை. அதற்குத் தனிப் பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சான்றும் கேட்பது), முடிந்தால் பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாக, போனின் பூட்டைத் திறப்பது போலவே உள்ளே நுழைவது). மீட்பு எண்ணாக, எப்போதோ விட்டுவிட்ட பழைய நம்பர் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பாதிப் பேருக்குக் கிடக்கிறது.

அடுத்தது சிம். மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். அப்புறம் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான பின் நம்பரைப் போடுங்கள். மொத்தமே அரைமணி நேர வேலை.

"அட்ரஸ் பக்கத்துல பூட்டுப் படம் இருந்துச்சே, அப்ப அது நல்ல சைட்டுதானே?"

உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதற்கு அர்த்தம். எதிரில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கிக்கொள்கிறான். இந்தக் குழப்பத்தால்தான் 2023-ல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

இந்திய வங்கிகளின் தளங்களுக்கென்றே டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரியை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. முகவரியின் வால் பக்கத்தைப் பார்க்கப் பழகுங்கள். அதைவிட நல்லது, வங்கியின் ஆப்பை நீங்களே திறப்பது. வந்த லிங்க் வழியாகப் போகவே வேண்டாம். வாடிக்கையாளர் சேவை எண்ணையும் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

"பணம் போட்டுவிடறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்கன்னான். போட்டேன். என் காசு போயிடுச்சு."

யூபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்கிறது என்றாலே பணம் உங்களிடமிருந்து போகிறது. பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டவர்கள் இதில் நிறைய மாட்டுகிறார்கள். வாங்குகிறவன் பேரம் பேசாமல் சொன்ன விலைக்கு ஒத்துக்கொண்டானா? நம் ஊரில் அதுவே சந்தேகப்பட வேண்டிய விஷயம்.

"வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை வந்துச்சு, திறந்தேன். அதுல என்ன இருக்கு?"

பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். கோப்பின் பெயர் ஏபிகே என்று முடிந்தால் அது ஒரு ஆப். போக்குவரத்து அபராதச் சலான், வங்கிக் கேஒய்சி என்று வேறு வேஷங்களிலும் வரும். பெரும்பாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே போய்விட்டது.

ஒருமுறை ஒரு மில் சூப்பர்வைசரின் போனை வாங்கிப் பார்த்தேன். பத்திரிகைப் பெயரில் வந்ததை அவர் நிறுவியிருந்தார், ஆனால் ஆப் பட்டியலில் அதற்குப் படமே இல்லை. செட்டிங்ஸுக்குள் போய்த் தேடியபோது கூகுள் சேவை மாதிரி ஒரு பெயரில் உட்கார்ந்திருந்தது. குறுஞ்செய்தியைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதி வாங்கியிருந்தது. அக்சசிபிலிட்டி அனுமதியும். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட ஏற்படுத்திய வசதி அது. கெட்டவன் கையில் கிடைத்தால் திரையில் இருப்பதைப் படிப்பான், உங்களுக்குப் பதிலாகப் பொத்தானையும் அழுத்துவான். நீக்கப் போனால் செட்டிங்ஸ் பக்கம் தானாக மூடிக்கொண்டது. கடைசியில் சிம்மைக் கழற்றி, போனை மொத்தமாக அழித்துத்தான் கொடுத்தேன். பேத்தியின் படங்கள் போய்விட்டன என்று அவர் முகம் வாடியதுதான் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

"ஓடிபி-யை யார்கிட்டயும் சொல்லவே இல்லை. எப்படிப் போச்சு?"

இதைக் கேட்பவர்களைப் பொய் சொல்கிறார்கள் என்று வங்கியில் பார்ப்பார்கள். பலர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதல் வழி, மேலே சொன்ன ஏபிகே: ஓடிபி உங்கள் போனுக்கு வந்ததும் அதுவே அனுப்பிவிடும். இரண்டாவது, சிம் மாற்று: உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிடுவது. போனில் திடீரென்று சிக்னல் செத்து, பக்கத்தில் இருப்பவருக்கு அதே கம்பெனி சிக்னல் இருந்தால் காத்திருக்காதீர்கள், உடனே வேறு போனிலிருந்து விசாரியுங்கள். மூன்றாவது, ஸ்கிரீன் பகிரும் ஆப்: "உதவி செய்கிறேன்" என்று ஏற்றச் சொல்லி, உங்கள் திரையை அங்கிருந்தே பார்ப்பது.

நான்காவது வழிக்கு ஓடிபியே கிடையாது. ஆதார் இணைத்த கணக்கிலிருந்து கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் வசதி. கிராமத்தில் வங்கிக் கிளை இல்லாதவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஆவணங்களிலிருந்து ரேகையை நகலெடுத்துத் திருடியிருக்கிறார்கள். அந்த வசதியைப் பயன்படுத்தாதவர்கள் எம்ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். ஜெராக்ஸ் கொடுக்க வேண்டிய இடத்தில், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுங்கள்.

"பணம் போயிடுச்சு. முதல்ல போலீஸா, பேங்கா?"

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன். அப்புறம் வங்கி. இரண்டுக்கும் நடுவில் டீ குடிக்கக்கூட நிற்காதீர்கள். திருடிய பணம் ஒரு கணக்கில் தங்குவதில்லை. அங்கிருந்து நாலு கணக்கு, அங்கிருந்து ஏடிஎம் என்று ஓடும். 1930-ல் பதிவானால், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அந்த வங்கிக்குத் தகவல் போய் அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறது. பரிவர்த்தனை எண், தொகை, நேரம் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் மறைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

"பேங்க் பணத்தைத் திருப்பித் தருமா தராதா?"

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையில் இதற்குக் கணக்கு இருக்கிறது. தவறு வங்கியுடையது என்றால் உங்களுக்கு இழப்பில்லை. தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் முழுப் பாதுகாப்பு. நாலு முதல் ஏழு நாள் என்றால் ஒரு வரம்பு வரை உங்கள் தலையில். நீங்களே ஓடிபியையோ பின்னையோ கொடுத்திருந்தால், புகார் செய்யும் நேரம் வரை போனது உங்களுடையது. அதற்கு அப்புறம் போவது வங்கியுடையது. ஆகவே எந்த வகையானாலும் புகார் செய்த நேரம்தான் ஆதாரம். போனில் சொன்னாலும் எழுத்திலும் கொடுத்து, சீல் வைத்த நகல் வாங்குங்கள். ஓடிபி கேள்வியில் சொன்ன நான்கு வழிகளில் எது நடந்திருக்கும் என்று தெரிந்து பேசினால் கவுண்டரில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

"சிபிஐ-ல இருந்து வீடியோ கால், என்னை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்காங்களாம்!"

அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது. எந்த அதிகாரியும் வீடியோ காலில் விசாரித்து, "சரிபார்க்க" உங்கள் வைப்புநிதியை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார். 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் இதைப் பற்றி எச்சரித்தார். ஆனாலும் படித்தவர்கள், பேராசிரியர்கள், மருத்துவர்கள் எல்லாம் மாட்டுகிறார்கள்.

ஏன் என்று நிறைய யோசித்திருக்கிறேன். அவன் விடாமல் செய்வது ஒன்றுதான்: போனை வைக்க விடமாட்டான், யாரிடமும் சொல்ல விடமாட்டான். "இது ரகசிய விசாரணை, மனைவியிடம் சொன்னால் அவரும் குற்றவாளி" என்பான். மின்வெட்டுச் செய்தியில் "9.30 மணி" இருப்பதும் இதற்குத்தான். யோசிக்க நேரம் கொடுத்தால் அவன் பிழைப்பு நடக்காது. ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார் தப்பித்த விதம் எனக்குப் பிடிக்கும். "இருங்க சார், மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரேன்" என்று போனை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறார். தொழுவம் வரை நடந்ததும் தலை தெளிந்துவிட்டது.

"எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?"

வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு அதோடு வரும் டிஃபெண்டர் போதும். ஆன்டிவைரஸுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, கிராக் செய்த சாஃப்ட்வேரை ஏற்றுவதற்காக அதை அணைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"அப்டேட் போட்டா சிஸ்டம் கெட்டுப்போகுது, அதான் நிறுத்தி வச்சுட்டேன்."

கெட்டுப்போவதும் உண்டு, மறுக்கமாட்டேன். 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஒரு அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2017 மே 12-ல் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) பரவியபோது, அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள்கூட நோயாளிகளைத் திருப்பி அனுப்பின.

ஆபீஸில் நான் முதலில் இரண்டு கம்ப்யூட்டருக்குப் போட்டு, நாலைந்து நாள் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போடுகிறேன். வீட்டில் தானாக ஏற விடுங்கள். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பில்லிங் கவுண்டரில் இன்னும் அதை ஓட்டுபவர்கள் யோசிக்க வேண்டும்.

"எங்களுது சின்ன ஆபீஸ். பேக்கப் எடுக்கறோம். ரேன்சம்வேர் வந்தா சமாளிச்சுடலாம்ல?"

பேக்கப்பிலிருந்து கடைசியாக எப்போது ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்? இதைக் கேட்டால் பெரும்பாலும் அமைதிதான் பதில்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனியில் ஒரு திங்கட்கிழமை காலை அக்கவுண்டன்ட் கூப்பிட்டார்: "அண்ணா, டேலி ஓபன் ஆகலை, எல்லா ஃபைலுக்கும் பேர் மாறியிருக்கு." போனேன். ஒவ்வொரு கோப்பின் வாலிலும் புரியாத எழுத்துகள், டெஸ்க்டாப்பில் பணம் கேட்டு ஒரு நோட்பேட் கோப்பு. எப்படி வந்தான்? ஜிஎஸ்டி ரிட்டர்ன் நெருக்கடியில் வீட்டிலிருந்து வேலை பார்க்க, சர்வரின் ரிமோட் டெஸ்க்டாப்பை, அதாவது வெளியிலிருந்தே சர்வரை இயக்கும் வசதியை, ரவுட்டரில் நேராக இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தார்கள். அதற்கான வாசல், 3389 என்ற போர்ட். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் 123-ம். பதிவுகளைப் பார்த்தால் மூன்று வாரமாக, சில நொடிக்கு ஒருமுறை யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். திறந்திருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை.

பேக்கப் இருந்தது. ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், சர்வரிலேயே எப்போதும் செருகியபடி. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டான். காப்பாற்றியது ஆடிட்டர் ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்த ஒரு பென்டிரைவ். பதினோரு நாள் பழைய டேலி டேட்டா. அந்தப் பதினோரு நாளையும் பில் புத்தகத்தின் கார்பன் நகலைப் பார்த்து இரண்டு பெண்கள் நாலு நாள் உட்கார்ந்து அடித்தார்கள். முதலாளி அவர்களுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார். என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு: மூன்று பிரதி, இரண்டு விதமான ஊடகம், ஒன்று கட்டிடத்துக்கு வெளியே. இரண்டு டிஸ்க்குகள், ஒன்று செருகியிருக்கும்போது மற்றது முதலாளி வீட்டில். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு பழைய கம்ப்யூட்டரில் டேட்டாவை ஏற்றி, ஒரு லெட்ஜரைத் திறந்து பார்க்கிறோம். ரிமோட் வேலைக்கு விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் மறைகுறியாக்கிய தனிப் பாதை), அதற்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு.

"கேட்ட காசைக் கொடுத்துட்டா திறந்து விடுவாங்களா?"

சிலர் திறந்து விடுகிறார்கள், சிலர் மேலும் கேட்கிறார்கள். கொடுக்காதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் நாற்பது பேர் சம்பளம் நின்றுபோகும் நிலையில் இருப்பவரைப் பார்த்து அதை உரக்கச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. கொடுப்பதற்கு முன், அந்த வகைக்கு இலவசச் சாவி ஏற்கெனவே வெளிவந்திருக்கிறதா என்று நோ மோர் ரேன்சம் தளத்தில் தேடுங்கள். சேதமான டிஸ்க்கை அழிக்காமல் எடுத்து வையுங்கள், பின்னால் சாவி கிடைக்கலாம். இன்னொன்று: 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் இப்படிப்பட்ட தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும்.

"நான் எதுவுமே பண்ணலை, என் அக்கவுண்டை ஏன் முடக்கினாங்க?"

1930 பற்றிச் சொன்னதன் மறுபக்கம் இது. திருடிய பணம் ஓடிய பாதையில் உங்கள் கணக்கும் இருந்தால் அதுவும் நிறுத்தப்படும். எனக்குத் தெரிந்த ஒரு பேக்கரிக்காரருக்கு கேக்குக்காக வந்த 850 ரூபாயால் கணக்கு நின்றது. வங்கியில் புகார் எண்ணையும், எந்த ஊர் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்கி, பில்லோடு விசாரணை அதிகாரிக்கு அனுப்பி, சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவிக்கக் கேளுங்கள். நாளாகும், விடாமல் கேட்க வேண்டும்.

ஆனால் "மாசம் அஞ்சாயிரம் தரேன், ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடு" என்பவனுக்குக் கணக்கை வாடகைக்குக் கொடுத்த கல்லூரிப் பையன் "நான் எதுவும் பண்ணலை" என்றால் போலீஸ் கேட்காது. திருடியவன் எங்கோ இருப்பான், கைக்குக் கிடைப்பது இவன் பெயரும் முகவரியும்தான்.

"இவ்வளவு பேசறீங்களே, நீங்க ஏமாந்ததே இல்லையா அண்ணா?"

ஏமாந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பார்சலுக்காகக் காத்திருந்தேன், ஒரு ரவுட்டர். "முகவரி முழுமையாக இல்லை, திருத்த 25 ரூபாய்" என்று செய்தி வந்தது. சர்வர் ஒன்று படுத்திருந்த நாள், ஒரு காதில் வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார். லிங்க்கைத் தொட்டேன், கார்டு எண் அடித்தேன், தேதி அடித்தேன், பின்பக்க மூன்று எண்ணையும் அடித்தேன். ஓடிபி வந்தபோதுதான் தொகை கண்ணில் பட்டது: 25 இல்லை, 24,999.

ஓடிபியைப் போடவில்லை, கார்டை அந்த நிமிடமே ஆப்பில் முடக்கினேன். புதுக் கார்டு வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை பெட்ரோலுக்கு மனைவியிடம் காசு வாங்கிக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாளும் காரணம் கேட்டார்.